குல்மார்கில் பனிச்சறுக்கு: 5க்கு 4

முத்தியால்பேட்டையில் மார்கழிப் பனிக்கே காதில் துண்டு கட்டிக்கொள்ளும் ஆள் நான். கல்லூரிக்குப் போகும் மகன், பனிச்சறுக்கு பழகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். எங்கே போவது என்பதே ஒரு மாசப் பேச்சு.

நந்தாதேவி கண்ணெதிரே தெரியும் என்பதால் எனக்கு உத்தராகண்டில் இருக்கும் ஆவ்லிமேல்தான் ஆசை. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஒரு முழுப் பகல் மலைப்பாதை. திருப்பதி ஏறினாலே எனக்குக் குமட்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைந்தபோது ஆவ்லிக்குப் போகும் ரோப்காரையும் நிறுத்திவிட்டார்கள். மணாலி பக்கத்தில் இருக்கும் சோலாங்கை மகன் ஒதுக்கினான். மணாலி கூட்டம் பூராவும் அங்கேதானாம். குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ.தான். 2024-இல் ஜனவரி நடுவிலும் அங்கே புல்தரை தெரிந்த கதை நினைவிருந்ததால், பிப்ரவரிக்கு டிக்கெட் போட்டோம்.

எல்லோரும் கோண்டோலா, கோண்டோலா என்பார்கள், அங்கே ஓடும் கேபிள் கார்தான் அது. இரண்டு கட்டமாக அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடும். வேடிக்கை பார்க்க ஏறுங்கள், டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். அங்கிருந்து சறுக்குவது கைதேர்ந்தவர்கள் வேலை; பனிச்சரிவு ஆளையே விழுங்கியிருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கீழே மெல்லச் சரிகிற மேடு ஒன்று இருக்கிறது. நான் குல்மார்க்குக்கு மார்க் போடுவது அந்த மேட்டுக்காகத்தான்.

முதல் நாள் வாடகைக் கடையில் ஏமாந்தேன். ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையை மாட்டும் பூட்ஸுக்கு அளவு, பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். என் பாதம் 24. கடைக்காரர் 26-ஐ மாட்டிவிட்டு, "தடியா ரெண்டு சாக்ஸ் போடுங்க, சரியாயிடும்" என்றார். ஆகவில்லை. முட்டியை மடக்கும்போதெல்லாம் குதிகால் உள்ளே எழும்பியது, முன்னங்கால் எலும்பு பூட்ஸ் விளிம்பில் உரசித் தோல் உரிந்தது. மறுநாள் வேறு கடையில் 24 வாங்கி, ஒரே சாக்ஸோடு போட்டேன். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொடணும், முட்டியை மடக்கினால் குதிகால் அசையக் கூடாது. அதுதான் சரியான அளவு.

பயிற்சியாளர் தம்பி பொறுமைசாலி. "பீட்ஸா, மேடம், பீட்ஸா!" என்று கத்திக்கொண்டே பின்னால் வருவார். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்துக் குதிகாலை அகட்டினால் பீட்ஸா துண்டு மாதிரி ஆகும். உள்விளிம்பு பனியில் கடிக்கும், வேகம் குறையும். பிரேக் அதுதான். எனக்கு அது பிடிபடவே மூன்றாம் நாள் ஆயிற்று. அதுவரை எத்தனை தரம் விழுந்தேன் என்பதை மகனைக் கேளுங்கள், வீடியோவே வைத்திருக்கிறான்.

ஒரு மார்க்கைக் குறைத்தது ஆளை உட்காரவைத்துப் பனியில் இழுத்துப்போகும் ஸ்லெட்ஜ் வண்டிக்காரர்களுக்காக. வேண்டாம் என்றாலும் அரை கிலோமீட்டர் கூடவே வருகிறார்கள். இன்னொன்று, நம்மூர் ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. என் போன் ஐந்து நாளும் வெறும் கேமராதான். வீட்டுக்காரர் மகனின் போஸ்ட்பெய்டு நம்பரில் கூப்பிட்டு, "கால் கை முழுசா இருக்கா?" என்று மட்டும் கேட்டு வைப்பார்.