9,500 லூமன்ஸ் ப்ரொஜெக்டரும் ஓர் எட்டு முழ வேட்டியும்

தீபாவளி ஆஃபர், ஆடித் தள்ளுபடி என்று எது வந்தாலும் தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் போன் பண்ணி, "பத்தாயிரத்துக்குள்ள ஒரு ப்ரொஜெக்டர் பாத்து வச்சிருக்கேன், வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். 2023 தீபாவளிக்கு நான் ஒன்று வாங்கி ஏமாந்தேன். பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் சும்மா வரவில்லை. கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டும் பிரயோஜனம் இல்லை, ஏன் என்று கடைசியில் தெரியும்.

எங்கள் வீடு மதுரையில். ஹாலில் இருந்த பழைய 32 இன்ச் டிவியில் கோடு கோடாக விழ ஆரம்பித்த நேரம், உலகக் கோப்பை வேறு ஓடிக்கொண்டிருந்தது. புது 43 இன்ச் டிவி என்றால் இருபத்தைந்தாயிரம் பக்கம் ஆகும். ஆன்லைனில் ஒரு ப்ரொஜெக்டர் 8,999 ரூபாய்க்குக் கிடந்தது, எம்ஆர்பி 29,990 என்று போட்டு அதை அடித்திருந்தார்கள். வெளிச்சம் 9,500 லூமன்ஸ், தெளிவு நேட்டிவ் 1080பி (அதாவது சாமானிலேயே அத்தனை புள்ளிகள்), 4கே சப்போர்ட், உள்ளேயே நெட்ஃபிளிக்ஸ். படத்தில் ஒரு குடும்பம் பட்டப்பகலில், ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, சுவர் முழுக்கத் திமிங்கலம் பார்த்துக்கொண்டிருந்தது. கணினியில் ஒட்டிய படம் என்று இப்போது பார்த்தால் எனக்கே தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள மனசும் இல்லை.

நவம்பர் 10-ஆம் தேதி பெட்டி வந்தது. தீபாவளி அன்று இரவு பிரித்துப் போட்டோம். எங்கள் ஹால் சுவர் சந்தன நிறம், அதில் விழுந்த முகங்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்ததால், அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து ஆணியில் கட்டினேன். ஓர் ஆச்சரியம் சொல்ல வேண்டும்: 100 இன்ச் படத்துக்கு உயரம் கிட்டத்தட்ட 49 அங்குலம், வேட்டியின் அகலம் 50 அங்குலம். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது, கீழே பச்சைக் கரை மட்டும் படத்துக்கு பார்டர் போட்டது போல் ஓடியது. விளக்கெல்லாம் அணைத்துவிட்டு ஒரு கார்ட்டூன் போட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். இந்தச் சாமானை விற்கிறவர்கள் நம்பியிருப்பதே அந்த முதல் ராத்திரியைத்தான்: கும்மிருட்டு, பளிச்சென்ற கார்ட்டூன், புதுப் பொருள் வந்த சந்தோஷம்.

பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது. ஐந்து ஸ்டார் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் 300 ரூபாய் கேஷ்பேக். நான் அன்றைக்கு ராத்திரியே போட்டேன். "சூப்பர் ப்ராடக்ட், ஒர்த் ஃபார் மணி" என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் பாதிக் கதைதான் வரும்.

அப்புறம் 19-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அகமதாபாத்தில் ஃபைனல். இரண்டு மணிக்கு ஆரம்பம். நான் முந்தின நாளே தெருவில் பெருமையடித்து வைத்திருந்ததால் கீழ் வீட்டு அண்ணன், அவர் மச்சான், எதிர் வீட்டுப் பையன்கள் நான்கு பேர் எல்லாரும் வந்துவிட்டார்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ ஒயரை இழுத்து, ப்ரொஜெக்டரை நடு ஹாலில் ஸ்டூல்மேல் வைத்து, ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட்டு ஆன் பண்ணினால் வேட்டிதான் தெரிந்தது. அதற்குள் புகை மாதிரி ஏதோ அசைந்தது. நம் பசங்களின் நீல ஜெர்சி, ஆஸ்திரேலியாவின் மஞ்சள், புல் தரை, எல்லாம் ஒரே சாம்பல். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏண்டா, பந்து எங்கடா?" என்றார். போர்வைகளை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டோம், அப்போதும் வெளிச்சம் நிற்கவில்லை, காற்றுதான் நின்றது. ரோஹித் தூக்கி அடித்ததையும் ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் பின்னால் ஓடிப்போய்ப் பாய்ந்து பிடித்ததையும் வர்ணனையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கீழ் வீட்டு அண்ணன் மரியாதை தெரிந்தவர். "ஆடியோ நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, "சாப்டுட்டு வந்துர்றேன்" என்று இறங்கினார். ஐந்து நிமிடத்தில் கீழே அவர் டிவி சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக எல்லாரும் கீழே போனார்கள், கடைசியில் என் பிள்ளைகளும்.

ஆறு மணிக்கு மேல் இருட்டியதும் படம் தெளிந்துவிட்டது. ஹெட் அடித்த 137-ஐ மட்டும் குறையில்லாமல் பார்த்தேன்.

ஏன் இப்படி என்று எனக்குப் புரியவைத்தது ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மைத்துனன். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். ராத்திரி விளக்கை அணைத்து, வெறும் வெள்ளைப் படம் போட்டு, திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்தான். நடுவில் 74, கீழ் மூலைகளில் 30 பக்கம், சராசரி 50 லக்ஸ். திரையின் பரப்பு 2.75 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்ஸ்தான் லக்ஸ், அதனால் இரண்டையும் பெருக்கினால் 137 லூமன்ஸ் சொச்சம். விளம்பரத்தில் 9,500. அப்புறம் டியூப் லைட்டைப் போட்டுவிட்டு அதே இடத்தில் மறுபடி அளந்தான்: டியூப் லைட் வெளிச்சம் மட்டும் 90 லக்ஸ். அதாவது நான் ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கிய சாமானைவிட எங்கள் வீட்டு டியூப் லைட் அந்த வேட்டிமேல் அதிக வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. இப்படி ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுப்பதுதான் ஆன்சி லூமன்ஸ் முறை. அந்த 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் வெறுமனே 'லூமன்ஸ்' என்றிருந்தால் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம்.

இன்னொன்றையும் அவன்தான் சொன்னான். ப்ரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் அது வெளிச்சம் அடிக்காமல் சும்மா இருக்கும், அவ்வளவுதான். அப்போது சுவர் எந்த அளவுக்கு வெளுப்பாக இருக்கிறதோ அதுதான் உங்கள் கறுப்பு. பகலில் என் வேட்டி எவ்வளவு கறுப்பாக இருக்கும்?

இனி அந்த 1080பி. பெட்டியில் இருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், ஃபிசிக்கல் ரெசல்யூஷன் 1280×720 என்று இருந்தது. அதாவது சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். விளம்பரத்தில் சொன்ன 1920×1080 என்றால் 20.7 லட்சம். பாதிகூட இல்லை. '4கே சப்போர்ட்' என்பது இதைவிடச் சாமர்த்தியம்: 4கே வீடியோவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், காட்டுவது தன்னிடம் இருக்கும் புள்ளிகளில்தான். அண்டா நிறையச் சாம்பார் ஊற்றினாலும் தட்டு கொள்ளுகிற அளவுதானே நிற்கும். போதாக்குறைக்கு ஸ்டூல் தாழ்வாக இருந்ததால் படம் மேலே அகன்றும் கீழே குறுகியும் விழுந்தது. அதை நேராக்க கீஸ்டோன் என்று ஒரு வசதி கொடுத்திருந்தார்கள், அதுவும் இருக்கிற புள்ளிகளில் கொஞ்சத்தை வெட்டித்தான் நேராக்கியது.

நெட்ஃபிளிக்ஸ் திறந்தது. மொபைலுக்கான ஆப்பை அப்படியே ஏற்றியிருந்தார்கள், ரிமோட்டில் மவுஸ் மாதிரி ஓர் அம்புக்குறியை நகர்த்திக் கிளிக் பண்ண வேண்டும், படம் கலங்கலாக 480-ல் ஓடியது. திருட்டுக் காப்பியைத் தடுக்கும் 'வைட்வைன் எல்1' என்ற சான்று இல்லாத பெட்டியில் அதற்குமேல் தெளிவாக வராது. ஃபேன் சத்தத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வசனம் மெதுவாகப் பேசும் படங்களை நாங்கள் தவிர்த்தோம்.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் ஏழு நாள் கெடு 17-ஆம் தேதியே முடிந்திருந்தது. அதுவும் 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்'. கஸ்டமர் கேரில் பேசிய பையன் பொறுமையாகத்தான் பேசினான்.

"சார், ப்ராடக்ட் ஆன் ஆகுதா?"

"ஆன் ஆகுது தம்பி, ஆனா பகல்ல ஒண்ணுமே தெரியல."

"ஆன் ஆகுதுன்னா டிஃபெக்ட் இல்ல சார். டார்க் ரூம்ல யூஸ் பண்ணணும்."

"உங்க படத்துல ஜன்னல் திறந்திருக்கே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னான்: "சார், நீங்களே ஃபைவ் ஸ்டார் குடுத்திருக்கீங்களே. சூப்பர் ப்ராடக்ட்னு எழுதியிருக்கீங்க."

எனக்குப் பதில் இல்லை. அந்த 300 ரூபாய் இன்றுவரை வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என்னைக் காப்பாற்றியது, வாங்கும்போது மனைவி எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். தன் தங்கைக்கு அனுப்புவதற்காக அந்தப் பக்கத்தையே படம் எடுத்திருந்தாள், அதில் 'நேட்டிவ் 1080பி' என்று தெளிவாக இருந்தது. நான் புகார் சொன்ன மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பக்கத்தில் 'நேட்டிவ்' காணவில்லை, 'சப்போர்ட்' ஆகியிருந்தது. 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்றவர் அதைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எனவே "பகலில் தெரியவில்லை" என்று புலம்புவதை நிறுத்திவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மெயில், இரண்டே வரி. வெளிச்சம் பற்றிய சண்டையில் அவர்கள் ஆயிரம் சொல்லலாம், 1280-ஐ 1920 என்று சொல்ல முடியாது. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் அடுத்த மெயிலில் போட்டேன். முதலில் 2,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், நுகர்வோர் ஆணையத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. டிசம்பர் 18-ஆம் தேதி ஆள் வந்து பெட்டியை எடுத்துப் போனான், 23-ஆம் தேதி 8,999 ரூபாயும் ஏறியது.

அப்படியானால் ப்ரொஜெக்டரே வாங்கக் கூடாதா என்று கேட்டால், பகலில் ஹாலில் மேட்ச்சும் சீரியலும் ஓட வேண்டும் என்றால் டிவிதான், நாங்களும் 43 இன்ச்சே வாங்கிவிட்டோம். ராத்திரி மட்டும், இருட்டு அறையில், வாரம் ஒரு படம் என்றால் நம்பகமான கம்பெனியின் 500 ஆன்சி லூமன்ஸாவது வேண்டும். திரைச்சீலை போட்ட ஹாலில் பகலிலும் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ்களிலும் மாட்டுகிற 3,000 ஆன்சிக்கு மேற்பட்டதைத்தான் பார்க்க வேண்டும், அதன் விலையைக் கேட்டால் டிவி மலிவாகத் தோன்றும். எதுவானாலும் கடையில் விளக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஹாலில் நூறு இன்ச்சுக்குப் பத்தடி தள்ளி அதை வைக்க இடம் இருக்கிறதா, அந்த இடத்தில் நடமாட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒயர் தடுக்கி அப்பா விழப் பார்த்தது தனிக் கதை.

பணம் வந்த அன்றே என் ஐந்து ஸ்டாரை ஒன்றாக்கி, நடந்ததை எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதே வாட்ஸ்அப் எண்ணிலிருந்து செய்தி: ரிவ்யூவை எடுத்தால் 1,000 ரூபாய் தருகிறோம். நான் பதில் போடவில்லை. பொங்கல் சமயத்தில் பார்த்தபோது அந்தப் பக்கமே இல்லை, என் ரிவ்யூவும் அதோடு போயிற்று. கொஞ்சம் தேடினேன். அதே ப்ரொஜெக்டர், அதே ஜன்னல், அதே திமிங்கலம். கம்பெனி பெயர் புதிது, எண் 15,000 லூமன்ஸ் ஆகியிருந்தது.