பலகை மூடும் முன் பார்த்துவிடுங்கள்: கேம்பர் வேன் கட்டக் கொடுத்து ஏமாந்த கதை

சின்ன வேனை வீடாக மாற்றித் தரும் பட்டறை ஒன்றில் நன்றாக ஏமாந்திருக்கிறேன். யார் என்று எழுதப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

நானும் மனைவியும் வாரக்கணக்கில் வண்டியிலேயே தங்குவதற்காக ஒரு சரக்கு வேன் வாங்கினோம். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், அவ்வளவு சின்னது. கட்டில், அதற்கடியில் சாமான் வைக்க இடம், 12 வோல்ட் பிரிட்ஜ், கேஸ் அடுப்பு, கூரையில் சோலார். கேட்டது இவ்வளவுதான். பட்டறைக்காரர் பேச்சு தேனாக இருந்தது. ஆறு வாரம் என்றவர் பதினாறு வாரம் இழுத்தார், அதைக்கூட மன்னித்துவிடலாம். நடுவில் இரண்டு தடவை பார்க்கப் போனேன். "இப்பப் பார்த்தா ஒண்ணும் புரியாது சார், பலகையெல்லாம் அடிச்சப்புறம் வாங்க" என்று வாசலோடு பேசி அனுப்பிவிட்டார். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

வண்டி கைக்கு வந்த அன்று புது மரவாசனை, மஞ்சள் விளக்கு, வழவழவென்று சுவர்ப் பலகை. மயங்கிப்போய் மீதிப் பணத்தை முழுசாக எண்ணிக் கொடுத்தேன்.

முதல் பயணத்தில் இரண்டாம் நாள் விடியும் முன்பே பிரிட்ஜ் நின்றுவிட்டது. மர நிழலில் நிறுத்தியிருந்ததால் சோலாரிலிருந்து பெரிதாக ஒன்றும் வரவில்லை, உண்மைதான். ஆனால் எனக்குச் சொல்லப்பட்டது 200 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் பேட்டரி. பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-மணி. லித்தியத்தில் எண்பது சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம் என்பதால் வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்க வேண்டும். ஒரு நாள்தான் தாங்கியது.

வீடு திரும்பியதும் பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து, எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, ஓர் இரவு சும்மா விட்டேன். காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.8 வோல்ட். வண்டிகளில் போடுகிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி முழுசாக இருந்தால் இப்படி ஓய்வில் 13.3-க்குக் கீழே இறங்காது. 12.7, 12.8 என்பது ஈய-அமில பேட்டரியின் கணக்கு. சந்தேகப்பட்டு ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் நெம்பினேன். சூட்டில் ஏற்கெனவே கொஞ்சம் சுருண்டிருந்தது. உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: ஏஜிஎம் (ஈய-அமில பேட்டரியில் ஒரு வகை), 100 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுசு போய்விடும். ஆக, லித்தியத்துக்குக் காசு கொடுத்து நான் வாங்கியது உருப்படியாக 50 ஆம்பியர்-மணி.

பணம் போனது ஒரு பக்கம். எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது கேபிள்தான். அதே பயணத்தில் ஒரு காலை இன்வெர்ட்டரில் 1000 வாட் கெட்டிலைப் போட்டிருந்தோம். தண்ணீர் கொதிப்பதற்குள் கட்டிலுக்கடியிலிருந்து பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கை விட்டுத் தொட்டேன், கேபிளின் மேலுறை இளகி விரலில் ஒட்டியது. 12 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 83 ஆம்பியர், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 90-ஐத் தாண்டும். அவர்கள் இழுத்திருந்தது 6 சதுர மில்லிமீட்டர் கேபிள். சாதாரண விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதும், இதற்கு அதைப்போல நான்கைந்து மடங்கு குறுக்குப்பரப்புள்ள கேபிள் வேண்டும். சரி, பியூஸாவது இருக்கிறதா என்று பார்த்தால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தக் கேபிளுக்கு நேர் மேலே மெத்தை. மெத்தை மேலே நாங்கள்.

அதன்பிறகு பொறுக்கவில்லை, திருகாணி முடுக்கியை எடுத்து ஒவ்வொரு பலகையாகக் கழற்றினேன். பில்லில் 'முழு இன்சுலேஷன்' என்று போட்டிருந்தது. கதவு ஓரம், கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஃபோம். மற்றதெல்லாம் வெறும் தகரம். காலையில் தலையணை ஏன் ஈரமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு குளிர்ந்த தகரத்தில் நீராகிப் பலகைக்குப் பின்னால் வழிந்திருக்கிறது. ஒரே பயணத்தில் கீழ்ப்பலகையில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. கூரையில் காற்றாடிக்காக வெட்டிய ஓட்டையின் விளிம்புக்குப் பெயிண்ட்கூட அடிக்காமல் சிலிக்கானை அப்பியிருந்தார்கள். உள்ளே துரு.

இன்னொன்று. கேஸ் கசிந்தால் கத்தும் அலாரத்தை அழகாகக் கூரையோரம் மாட்டியிருந்தார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். மேலே மாட்டிய அலாரம் கத்துவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தரையில் கேஸ் வெளியேற ஓட்டையும் இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, இது வேறு என்பதே அந்த ஆளுக்குத் தெரியவில்லை. நிறமும் வாடையும் இல்லாத விஷம் அது. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரித்துவிட்டுத் தூங்கினால் எழுந்திருப்பது நிச்சயமில்லை.

போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இதைத்தான் சார் போடறோம், இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்றார். அந்த 'எல்லாரையும்' நினைத்தால்தான் பகீர் என்கிறது. பில்லை நீட்டினேன். பேட்டரி பற்றி அதில் 'பேட்டரி செட், வயரிங் உட்பட' என்று மட்டும் எழுதியிருந்தது. வகை, அளவு, பிராண்டு, கேபிள் தடிமன் எதுவும் இல்லை. வாயால் சொன்னதற்குச் சாட்சி என் மனைவி மட்டும். கடைசியில் ஓராண்டு இலவச சர்வீஸ் தருவதாகச் சொன்னார். அவர் கையில் மறுபடி வண்டியைக் கொடுக்க எனக்குப் பைத்தியமா?

இப்போது கட்டக் கொடுக்கப்போகிறவர்கள், பேட்டரியின் வகையும் ஆம்பியர்-மணியும் கேபிள் அளவும் பில்லில் ஏறாமல் முன்பணம் தராதீர்கள். பலகை அடிப்பதற்கு முந்தின நாள் நேரில் போய் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள், வரக்கூடாது என்றால் அந்த இடத்திலேயே வண்டியை எடுத்து வந்துவிடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு வண்டியில் படுத்துப் பாருங்கள், பிரிட்ஜ் ஓடட்டும், சார்ஜ் போடாதீர்கள்.

என் வண்டியின் வயரிங்கை ஓர் எலக்ட்ரீஷியன் முழுசாக உருவி எறிந்து புதிதாகப் போட்டிருக்கிறார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ். அந்தப் பக்கத்துப் பலகையை மட்டும் ஆணி, பசை எதுவும் இல்லாமல் நான்கு திருகில் மாட்டியிருக்கிறோம். கெட்டில் போட்டால் இன்னமும் மனைவி முதலில் அதைத்தான் கழற்றி, கேபிளைத் தொட்டுப் பார்க்கிறாள்.