காய்கறிச் சப்பாத்தி: துருவிப் பிசைவதா, அரைத்துப் பிசைவதா, பூரணம் வைப்பதா?

கோதுமை மாவில் காய் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. காயைத் துருவி மாவோடு பிசையலாம். கீரையையோ பீட்ரூட்டையோ அரைத்து, அந்த விழுதிலேயே மாவைப் பிசையலாம். பஞ்சாபில் செய்வதுபோல் உள்ளே பூரணம் வைத்துத் தேய்க்கலாம். உடம்புக்கு நல்லது என்றுதான் செய்கிறோம் என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஒரு சப்பாத்திக்குள் எத்தனை கிராம் காய் போகிறது என்பதை. நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

கணக்குக்கு 200 கிராம் கோதுமை மாவை எடுத்துக்கொள்வோம். பிசைய ஏறக்குறைய 130 மில்லி தண்ணீர் பிடிக்கும். 40 கிராம் உருண்டையாக எட்டு வரும். சுரைக்காயிலும் முள்ளங்கியிலும் 95 சதவீதம் வரை தண்ணீர்தான். பாலக்கீரையில் 90க்கு மேல், கேரட்டில் 88 அளவில். மாவு குடிக்கிற தண்ணீருக்கு ஓர் எல்லை இருப்பதால், எவ்வளவு காய் சேர்க்க முடியும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

அரைத்த விழுது

பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசினால் பச்சை மங்காது. பிறகு ஒரு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சியோடு தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். விழுதை மொத்தமாக மாவில் கொட்டக் கூடாது. முக்கால் பங்கை முதலில் ஊற்றிப் பிசைந்து, தேவை பார்த்து மீதியைச் சேர்த்தால் மாவு தளர்ந்துபோகாது.

சப்பாத்தி மெத்தென்று வரும், ஓட்டை விழாது, நெருப்பில் காட்டினால் பூரியாக உப்பும். காயைப் பொறுக்கி ஒதுக்கும் குழந்தைகளுக்கு இதைவிடத் தோதான வழி இல்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்தாலும் 200 கிராம் மாவு வாங்கிக்கொள்வது 140 கிராம் கீரை விழுதைத்தான். எட்டாகப் பிரித்தால் ஒன்றுக்கு 17 கிராம். தட்டில் பச்சைப் பசேலென்று தெரிவதற்கும் வயிற்றுக்குள் போகும் கீரைக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் ஒரு கூட்டோ பொரியலோ இல்லாமல் இதை மட்டும் கொடுத்துவிட்டுக் கீரை சாப்பிட்டாயிற்று என்று இருந்துவிட வேண்டாம்.

பீட்ரூட் விழுதின் செக்கச்செவேல் நிறம் சூட்டில் நிற்காது. கல்லில் போட்டதும் பழுப்பு ஏறும். அது கருகல் அல்ல.

துருவிப் பிசைவது

கேரட்டைத் துருவி அப்படியே பிசைந்தால் 150 கிராம்தான் வசதியாக ஏறும். அதுவும் விழுதுக் கணக்குக்கு அருகில்தான் நிற்கிறது. இந்த வழிக்கு உண்மையான பலன் சுரைக்காய், முள்ளங்கி போன்ற நீர்க்காய்களைப் பிழிந்து போடும்போதுதான் கிடைக்கும். 250 கிராம் சுரைக்காயைத் துருவி, முக்கால் டீஸ்பூன் உப்புப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்து, கையால் இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கொட்டாதீர்கள், மாவு பிசைய அதுதான் தண்ணீர். உப்பும் அதிலேயே இருப்பதால் மறுபடி போட வேண்டியதில்லை. ஓமம் கால் டீஸ்பூன், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் தயிர் சேர்த்தால் பத்து சப்பாத்தி வரும். ஒவ்வொன்றிலும் 25 கிராம் காய். குஜராத்தின் தேப்லா என்ற மசாலாச் சப்பாத்தியில் சேரும் வெந்தயக்கீரையும் பொடியாக நறுக்கினால் இதே மாவில் சேரும்.

இங்கே பலருக்கும் தவறுவது நேரத்தில். பிசைந்தபோது சரியாக இருந்த மாவு, அரை மணி நேரத்தில் பலகையில் ஒட்டும். உப்பு காயிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். அப்போது மேலே மேலே மாவு தூவித் தேய்த்தால், அந்த மாவு கல்லில் கருகி, சப்பாத்தி வறட்டியாகிவிடும். சற்றுக் கெட்டியாகவே பிசைந்து, 15 நிமிடம் மூடி வைத்து, உடனே தேய்த்துவிட வேண்டும். துருவியின் பெரிய கண்ணைத் தவிர்த்துச் சிறிய கண்ணில் துருவுங்கள். நீளமான இழைகள் தேய்க்கும்போது மாவைக் கிழிக்கும். இந்தச் சப்பாத்தி முழுதாக உப்பாது. காய் இருக்கும் இடங்களில் ஆவி வெளியேறிவிடும். உப்பவில்லையே என்று துணியால் அழுத்திக்கொண்டே இருந்தால் காய்ந்துதான் போகும்.

பூரணம் வைத்தது

காயின் அளவில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. 400 கிராம் காலிஃப்ளவரைத் துருவி, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கினால் எட்டு சப்பாத்திக்குப் பூரணம் ஆகும். ஒன்றுக்கு 50 கிராம் காய்! உருளைக்கிழங்குப் பூரணத்துக்கு இந்தப் பெருமை கிடையாது. அது மாவுக்குள் இன்னொரு மாவுச்சத்து. கிழங்கு வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி காலிஃப்ளவரோ பச்சைப் பட்டாணியோ கலந்துகொள்ளுங்கள்.

பூரணம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக வைத்தால் ஆவி மாவை நனைத்து, கட்டையோடு பிய்த்துக்கொண்டு வரும். உப்பைக் கடைசியில், தேய்க்கப் போகும்போது கலக்க வேண்டும். அப்படியும் நீர் விட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு போதும், உறிஞ்சிக்கொள்ளும். வெங்காயத்தைத் துண்டாகப் போடாதீர்கள்; அதன் முனை குத்தித்தான் பெரும்பாலும் கிழிகிறது. மேல்மாவும் பூரணமும் தொட்டால் ஒரே மென்மையில் இருக்க வேண்டும். மாவு கெட்டியாக இருந்தால் பூரணம் ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே தங்கும். கிண்ணம்போல் செய்யும்போது ஓரம் மெலிதாகவும் நடு தடிமனாகவும் இருக்கட்டும்; மூடிய பக்கத்தைக் கையால் தட்டிவிட்டு, கட்டையை அழுத்தாமல் உருட்டுங்கள். கை பழகாதவர்கள் 20 கிராம் உருண்டைகள் இரண்டை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, ஒன்றின்மேல் பூரணம் பரப்பி, மற்றொன்றால் மூடி ஓரத்தை அழுத்திவிடலாம். ருசியில் குறைவில்லை.

எண்ணெய் விஷயத்தில்தான் இந்த வகை சறுக்குகிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரிக்கு மேல்; பக்கத்துக்கு ஒன்று விட்டால் காயால் கிடைத்த லாபம் குறைந்துவிடும். மிதமான தீயில் இருபுறமும் எண்ணெயின்றிப் புள்ளி விழும்வரை வேகவிட்டு, பிறகு மொத்தமாக அரை டீஸ்பூன் தடவினால் மொறுமொறுப்பு வந்துவிடும். அதையும் விட்டுவிட வேண்டாம். கேரட், கீரையில் உள்ள கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

எங்கள் தேர்வு இதுதான்: அவசரமான வார நாளுக்குப் பிழிந்த சுரைக்காய், நேரம் இருக்கும் நாளில் காலிஃப்ளவர் பூரணம், பள்ளி டப்பாவுக்குக் கீரை விழுது, கூடவே ஒரு பொரியல். முந்தின இரவே காயோடு சேர்த்துப் பிசைந்து வைக்க ஏற்றதும் விழுது மாவு மட்டும்தான். மேலே எண்ணெய் தடவிக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை தாங்கும். பூரணத்தையும் மேல்மாவையும் தனித்தனியாக வைக்கலாம். உப்பிட்ட காய் கலந்த மாவை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காமல், அன்றே சுட்டுவிட்டு, மிஞ்சிய சப்பாத்தியை எடுத்து வையுங்கள்.