85,000 ரூபாய் போச்சு: மொட்டை மாடி வேலைக்கு ஆள் தேடுபவர்கள் படிக்கவும்

இதை எழுதும்போது வீட்டுக்குள் மூன்று வாளி, ஒரு அண்டா, மாமியாரின் பழைய இட்லிப் பானை எல்லாம் வரிசையாக மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல கான்ட்ராக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் சொல்கிறேன். நான் எப்படிக் கோட்டை விட்டேன் என்பதை முதலில் கேளுங்கள்.

தாம்பரத்தில் எங்கள் வீடு 1998-ல் கட்டியது. மொட்டை மாடி 900 சதுர அடி, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு பதித்த தளம். இரண்டு வருடமாகப் படுக்கையறை மூலையில் மட்டும் ஓதம். வீட்டைக் கட்டிய மேஸ்திரியைத்தான் முதலில் கூப்பிட்டோம். எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "இப்ப வேணாம்மா. பழசைக் கொத்தி எடுத்துட்டா நடுவுல மழை பிடிச்சுக்கும். தை மாசம் பாக்கலாம்" என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டால், "ஒன்றரை லட்சம் கையில வச்சுக்குங்க. கொத்திப் பாத்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்." அவ்வளவுதான். கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இவருக்கு வேலை செய்ய இஷ்டமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த ஆப். வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தருகிற ஆப்களில் ஒன்று. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. அதில் ஒருவருக்குப் பச்சை டிக், 4.8 நட்சத்திரம், "சரிபார்க்கப்பட்டவர்" என்ற முத்திரை எல்லாம் இருந்தது. எதைச் சரிபார்த்தார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தெரிகிறது: போன் நம்பருக்கு ஓடிபி வந்ததாம். அதுதான் சரிபார்ப்பு.

மறுநாளே வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஏறினார். மாடியில் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு ஓடாகத் தட்டினார். சில ஓடு 'டிங்' என்றது, சிலது 'பொத்' என்றது. "பாருங்க மேடம், பொத்துன்னு கேக்குற இடமெல்லாம் உள்ள பிடிப்பு விட்டுப்போச்சு" என்றார். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, அது தண்ணீர் வெளியேறும் தூம்புக்குப் போகாமல் நடுவில் தேங்குவதைக் காட்டினார். "வாட்டமே சரியில்ல" என்றார், அதாவது தளத்தின் சரிவு. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் கட்டையால் தட்டும் பழைய முறையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். விஷயம் தெரிந்தவர்தான், அதை மறுக்க மாட்டேன். தெரிந்தவன் ஒழுங்காகச் செய்வான் என்று நினைத்ததுதான் என் தப்பு.

சதுர அடி 130 ரூபாய், மொத்தம் 1,17,000. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம், பத்தே நாள் என்றார். 25,000 அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு பேப்பரிலும் எழுதவில்லை, எல்லாம் வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரல் படம்.

நான் விழுந்த இடம் இனிமேல்தான். மூன்றாம் நாள் ஒரு கடை பில்லோடு வந்தார். "அக்கா, சிமெண்ட், ஜல்லி வாங்குனதுல மீதி" என்று 640 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தார். 'மேடம்' எப்போது 'அக்கா' ஆனது என்று நான் கவனிக்கவே இல்லை. மீதிப் பணத்தைத் திருப்பித் தருகிற கான்ட்ராக்டரை வாழ்நாளில் பார்த்ததில்லையே! அன்று மாலையே ஓடு இறக்க வேண்டும் என்று கேட்டதும் 50,000 அனுப்பினேன். அப்புறம் ஆட்களுக்குக் கூலி என்று 10,000. ஆக 85,000. மாமியார் அப்போதே சொன்னார், "வேலை கால்வாசி, காசு முக்கால்வாசியா?" என்று. நான் அந்த 640 ரூபாயைச் சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

நடந்த வேலை மொத்தம் ஆறு நாள். பழைய தளத்தை முழுக்கக் கொத்தி எடுத்தார்கள். கடுக்காய், வெல்லம் எதுவும் கண்ணில் படவில்லை. ஜல்லியில் சிமெண்டைக் கலந்து ஒரே மதியத்தில் கொட்டிப் பரப்பினார்கள். சுண்ணாம்புத் தளம் என்றால் நாலைந்து நாளாவது கட்டையால் தட்ட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பாதி மாடிக்கு ஓடு ஒட்டினார்கள். ஏழாம் நாள் யாரும் வரவில்லை.

முதல் போனுக்கு, கொத்தனாருக்குக் காய்ச்சல். அடுத்த வாரம், மாமனார் தவறிவிட்டார். சரி, துக்க வீடு, தொந்தரவு செய்யக் கூடாது என்று பத்து நாள் சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்புறம் மறுபடியும் மாமனார் தவறிவிட்டார். எத்தனை மாமனார் என்று கேட்டேன். "மேடம், மரியாதையாப் பேசுங்க" என்றார். அக்கா மறுபடி மேடம் ஆகிவிட்டேன். அதோடு என் நம்பர் பிளாக்.

ஐப்பசி மழை பிடித்தபோது பாதி மாடி வெறும் கான்கிரீட்டாகக் கிடந்தது. போட்ட பாதியிலும் வாட்டத்தைத் தூம்புப் பக்கம் கொடுக்காமல் மாடிப்படிப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள்! தண்ணீர் படியில் இறங்கி நேராக ஹாலுக்கு வருகிறது. ஒரு மூலையில் இருந்த ஓதம் இப்போது மூன்று அறையில்.

ஆப்பின் கஸ்டமர் கேரில் ஒரு பெண் ரொம்பத் தேன் மாதிரிப் பேசினார். "நாங்க அறிமுகம் மட்டும்தான் செய்யறோம் மேம், பணம் நீங்க நேரடியா அனுப்பியிருக்கீங்க." புகார் எண் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ், கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. 2020-ல் வந்த மின் வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதைச் சொன்னதும் லைன் கட். போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா" என்று உட்காரக்கூடச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஓட்டுக் கடைப் பையன் வாசலில் வந்து நிற்கிறான், 11,200 ரூபாய் பாக்கி என்று. என் வீட்டு விலாசத்தைச் சொல்லிக் கடனில் எடுத்திருக்கிறார். அப்போ நான் ஓட்டுக்கென்று கொடுத்த 50,000? வேலை செய்த சித்தாள் அம்மாவும் வந்தார். அவருக்கு இரண்டு நாள் கூலிதான் கிடைத்ததாம். அவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை, 800 கொடுத்தேன். கடைப் பையனுக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

நல்ல கான்ட்ராக்டர் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. பெரிதாக உட்கார்ந்து எழுத இப்போது முடியாது, அண்டா நிரம்பிவிட்டது. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் வேண்டாம், மீதி வேலை முடிய முடியத்தான். ஓடு, சிமெண்டுக்கு நீங்களே கடையில் பணம் கட்டுங்கள். என்ன பொருள், எத்தனை அங்குலம், வாட்டம் எந்தப் பக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அதற்கு மழுப்புகிற ஆள் வேண்டாம். இரண்டு மழைக்காலம் தாண்டிய பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். மாடி வேலை என்றால் தூம்பை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கடைசிப் பணம். நட்சத்திரத்தை நம்பாதீர்கள். மீதிக் காசு திருப்பித் தருபவனை இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன், மூன்று தவணை, 85,000.

நேற்று பழைய மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. குடையோடு வந்து பார்த்துவிட்டு, "தைக்கு முன்னால கைவைக்க மாட்டேன், அதுவரைக்கும் தார்ப்பாய் போட்டு மூடுங்க" என்றார். இந்த முறை காபி குடித்தார். தாம்பரம், சேலையூர் பக்கம் யாரிடமாவது 30-க்கு 30 அடியில் கிழியாத தார்ப்பாய் வாடகைக்கு இருந்தால் சொல்லுங்கள். அட்வான்ஸ் தர மாட்டேன்.