எச்சரிக்கை: கிட்டில் இருக்கும் பாகத்தையே நகலெடுத்து "மாற்று எண்ட்" என்று விற்கிறார்கள்

எச்.ஓ. அளவு (அசலில் 87ல் ஒரு பங்கு) ரயில் மாதிரிகளில், 1940, 50களின் அமெரிக்க பாக்ஸ்கார்களை (மூடிய சரக்கு வண்டிகளை) கிட்பாஷ் செய்பவர்களுக்காக, அதாவது கடையில் வாங்கிய கிட்டின் சில பாகங்களை மாற்றி வேறு வண்டியாக்குபவர்களுக்காக, இதை எழுதுகிறேன். இணையத்தில் தனியாட்கள் விற்கும் ரெசின் எண்ட் செட் (அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பிசினில் செய்த, வண்டியின் இரு முனைச் சுவர்கள்) எதையும் பின்பக்கப் படம் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் 48 டாலர் கொடுத்து வாங்கிய செட், ஏற்கெனவே என் மேசையில் இருந்த பிளாஸ்டிக் கிட்டின் எண்டையே அச்செடுத்து வார்த்தது. விற்றவரின் பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படித் தலையில் கட்டினார் என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எனக்கு என்ன தேவைப்பட்டது என்று சொன்னால்தான் ஏமாற்று புரியும். 1937ல் அமெரிக்க ரயில்வே சங்கம் 40 அடி இரும்பு பாக்ஸ்காருக்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. உள் உயரம் 10 அடி. சில வருடங்களிலேயே பல ரயில்வேகள் அதை 10 அடி 6 அங்குலமாக உயர்த்திக் கட்ட ஆரம்பித்தன. அந்த உயரமான வண்டிகளில் பெரும்பாலும் 5/5 டிரெட்நாட் எண்ட் இருக்கும்: மேல் தகட்டில் ஐந்து புடைப்பு வரி, கீழ்த் தகட்டில் ஐந்து. போர் முடியும் காலத்தில்தான் இம்ப்ரூவ்ட் டிரெட்நாட் எண்ட் வந்தது. அதில் 4/4. ஒவ்வொரு வரியும் பூரிக்கட்டை மாதிரி நடுவில் பருத்து இரண்டு பக்கமும் மெலியும். கூரை உடனே மாறவில்லை. 1948 வாக்கில் மூலைவிட்டக் கோடு போட்ட கூரை வரும்வரை பழைய செவ்வகத் தகட்டு மர்ஃபி கூரையே தொடர்ந்தது.

அதனால் 1946ல் கட்டிய ஒரு வண்டியைச் செய்ய, போர்க்கால வடிவத்துக்கு வந்த கிட்டின் பக்கச்சுவர், கூரை, அடிச்சட்டம் எல்லாம் அப்படியே பொருந்தும். எண்ட் இரண்டையும் கூரை நடைபாதையையும் மாற்றினால் போதும். இதைவிட எளிய கிட்பாஷ் கிடையாது. விற்பவருக்கும் இது தெரியும்.

விளம்பரத்தில் "1946 வண்டிக்கான முழு மாற்று செட், அசலுக்கு நூறு சதவீதம் பொருந்தும்" என்று இருந்தது. படத்தில் பெயின்ட் அடித்து முடித்த அழகான வண்டி, எண்டில் தெளிவாக 4/4. பாகங்களைத் தனியாகக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

பார்சல் வந்ததும் எண்டை வெளிச்சத்தில் பிடித்து வரிகளை எண்ணினேன். மேலே ஐந்து, கீழே ஐந்து. சரி, பாக்கெட் மாறிப்போயிருக்கும் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் நான்கு சின்ன வட்டத் தழும்புகள். எஜெக்டர் பின் தழும்பு! ஊசிவார்ப்பு இயந்திரத்தில் பிளாஸ்டிக் பாகத்தை அச்சிலிருந்து தள்ளி எடுக்கும் சிறு கம்பி (எஜெக்டர் பின்) விட்டுச்செல்லும் தடம் அது. ரெசின் வார்ப்பு ரப்பர் அச்சிலிருந்து கையால் உரித்து எடுப்பது. அதில் அந்தக் கம்பியே கிடையாது. என் கிட்டின் எண்டைப் பக்கத்தில் வைத்தேன். நான்கு வட்டமும் அதே இடத்தில். இடது மூலையில் இருந்த ஒரு நூலிழைக் கீறல்கூட அச்சு அசலாக அதே.

நகலுக்கு நகல் எடுத்தால் சுருங்கும். எண்டின் அகலம் சுமார் 34 மில்லிமீட்டர். அதில் ஒரு சதவீதம் சுருங்கினாலும் மூலையில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழும். அசல் வண்டிக்கு அது ஓர் அங்குலத்துக்கும் மேல். கேலிப்பர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட அவ்வளவேதான் குறைந்தது. புட்டி வைத்து அடைக்கலாம், ஆனால் மூலையில் இருக்கும் ரிவெட் வரிசை போய்விடும்.

மற்றவையும் லட்சணமாக இல்லை. நடைபாதை மரப்பலகை வடிவத்தில் இருந்தது. 1940களின் நடுவிலிருந்து புது வண்டிகளுக்கு இரும்புக் கம்பிவலை நடைபாதைதான். டீகாலில் (தண்ணீரில் நனைத்து வண்டிமேல் ஒட்டும் எழுத்துத் தாளில்) வண்டி கட்டிய தேதி 10-41, அதாவது 1941 அக்டோபர், என்று போட்டிருந்தது. படத்தில் காட்டிய எண்ட் அப்போது பிறக்கவே இல்லை. மேல்பூச்சு இல்லாமல் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்த டீகால் போலிருக்கிறது, தண்ணீரில் போட்டதும் கறுப்பு மை கரைந்து ஓடியது. கதவில் ரெசின் சரியாக இறுகாமல் விரல் ஒட்டியது. அப்படிப்பட்ட ரெசினில் பெயின்ட் நிற்காது. எவ்வளவு நாள் விட்டாலும் பிசுபிசுப்பு போகாது.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். "கையால் வார்ப்பதில் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும்" என்று பதில். நான்கு வரி ஐந்து வரியாக மாறுவது எப்படிச் சின்ன வேறுபாடு ஆகும்? மறுபடி கேட்டதற்கு, பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். கழுவச் சொன்னது அவர் கொடுத்த செய்முறைத் தாளேதான்! அச்சு எண்ணெய் போகக் கழுவாமல் எந்த ரெசின் பாகத்தையும் ஒட்டவோ பெயின்ட் அடிக்கவோ முடியாது. எஜெக்டர் தழும்பைப் பற்றிக் கேட்ட பிறகு பதிலே இல்லை.

பணத்தைவிட எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்காக. வெஸ்டர்ஃபீல்ட், ஃபுனாரோ அண்ட் கமர்லெங்கோ போன்றவர்கள் அசல் வண்டியின் வரைபடத்தையும் படங்களையும் வைத்து மூலமாதிரி செய்து, ரெசின் கிட் என்றால் நம்பி வாங்கலாம் என்ற பெயரை இந்தப் பொழுதுபோக்குக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கிட்காரர்கள் எஃகு அச்சு வெட்டப் பெரும் பணம் போடுகிறார்கள். இந்த ஆள் அவர்களுடைய பாகத்தை ரப்பரில் முக்கி எடுத்து, தவறான வண்டியின் பெயரைப் போட்டு விற்கிறார். இது திருட்டு.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பெயின்ட் அடிக்காத பாகத்தின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அப்புறம் எந்த ரயில்வேயின் எந்த எண் வரிசை வண்டிக்கானது என்ற விவரம். எண் வரிசை கிடைத்தால் அந்தக் காலத்து அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டரில் உள் உயரத்தைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு ரயில்வேயின் வண்டிகளும் வரிசை வரிசையாக அளவோடு அதில் இருக்கும். 10 அடிக்கும் 10 அடி 6 அங்குலத்துக்கும் எச்.ஓ. அளவில் வித்தியாசம் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்தான், ஆனால் எண்ட் பொருந்துமா பொருந்தாதா என்பதை அதுவே தீர்மானித்துவிடும். பின்பக்கம் வழவழவென்று தேய்த்திருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், தழும்பைத் தேய்த்து மறைக்க முடியும். உங்கள் கிட்டின் எண்ட் அகலத்தைச் சொல்லி, அவர் பாகத்தின் அகலத்தைக் கேலிப்பரோடு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அந்தப் பாகத்தை வெட்டாமல், தேய்க்காமல் வையுங்கள். கிட் எண்டும் ரெசின் எண்டும் பின்பக்கம் தெரிய ஒரே படத்தில் இருக்கட்டும். விளம்பரப் பக்கத்தை, அவர் அழிக்கும் முன், தேதியோடு சேமித்துவிடுங்கள். நான் கார்டில் பணம் கட்டியதால் "சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு" என்று வங்கியில் புகார் கொடுத்து, இந்த இரண்டையும் இணைத்திருக்கிறேன். இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது.