சாய்த்துப் பதிக்கும் பல் இம்பிளாண்ட்: ‘95 சதவீத வெற்றி’ என்று சொல்பவர்களிடம் கேட்க வேண்டியவை

பற்கள் அனைத்தையும் இழந்தவர்களுக்குத் தாடைக்கு நான்கே இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்து, கழற்றி மாட்டத் தேவையில்லாத பல்வரிசையை அன்றைக்கே தருவதாகச் சொல்லும் மருத்துவமனைக்குப் போகவிருப்பவர்கள், என் அம்மாவுக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன்.

சிகிச்சை முறையை நான் குறை கூறவில்லை. பின்பக்கத்து இரண்டு இம்பிளாண்டுகளை 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்துப் பதித்தால், மேல்தாடையில் சைனஸ் என்னும் காற்றறையையும் கீழ்த்தாடையில் நரம்பு வெளிவரும் துளையையும் தவிர்த்து, பெரும்பாலும் எலும்பு ஒட்டும் அறுவை இல்லாமலேயே கடைவாய் வரை தாங்குதல் கிடைக்கும். போர்ச்சுகல் மருத்துவர் பாவ்லோ மாலோ 2003இல் ஆய்வு வெளியிட்ட பின் பரவிய முறை இது. பத்தாண்டுக்குப் பிறகும் இவற்றில் மிகப் பெரும்பாலானவை நிலைத்திருக்கின்றன என்பதும், சாய்த்தவற்றைச் சுற்றிய எலும்புத் தேய்வு நேரானவற்றைவிடப் பெரிதும் மாறுபடுவதில்லை என்பதும் ஆய்வுகள் சொல்பவைதான்.

எங்களுக்குக் காட்டிய ‘95 சதவீத வெற்றி’ எதை எண்ணியது என்பதைத்தான் அம்மாவுக்கு இதைச் செய்த மருத்துவமனையினர் சொல்லவில்லை. பொதுவாக இத்தகைய கணக்கு இம்பிளாண்ட் எலும்பில் நிற்கிறதா என்பதைப் பற்றியது. மேலே பூட்டிய பல்வரிசை உடைவதும், ஸ்குரூ தளர்வதும், ஈறு சீழ்பிடிப்பதும் அதற்குள் அடங்குவதில்லை.

முதல் நாள் பூட்டும் அக்ரிலிக் பல்வரிசை தற்காலிகமானது. எலும்பு இம்பிளாண்டோடு இணைந்த பின், சில மாதங்களில், உள்ளே உலோகச் சட்டம் கொண்டதாகவோ சிர்கோனியா என்னும் உறுதியான பீங்கான் வகையாகவோ அதை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியவர்கள், “இதுவே நன்றாக உட்கார்ந்துவிட்டது, எதற்கு மாற்ற வேண்டும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போதாததற்கு, கடைசி இம்பிளாண்டுக்கு அப்பால் இரண்டு பற்களைத் தாங்குதலின்றி நீட்டியிருந்தார்கள். மெல்லும்போதெல்லாம் அந்த நீட்டம் நெம்புகோலாக இம்பிளாண்டை அசைத்திருக்கிறது.

முதலில் ஸ்குரூ துளையருகே விரிசல் விழுந்தது. ஒட்டித் தந்தார்களே தவிர, எக்ஸ்ரே எடுக்கவில்லை, கழற்றிச் சுத்தம் செய்யவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் கழற்றியபோது, பல்வரிசையின் அடிப்பக்கம் முழுக்கக் கல்லாய் இறுகிய காரை, தாங்க முடியாத நாற்றம். வலப்புறச் சாய்ந்த இம்பிளாண்டைச் சுற்றிப் பாதி எலும்பு கரைந்திருந்தது. நான்கில் ஒன்று போனால் மீதி மூன்றை நம்பி அப்படியே விட்டுவிட முடியாது என்றார் அவர். இம்பிளாண்ட் பெட்டியோடு வரும் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் கொண்ட ஸ்டிக்கரும் எங்கள் கோப்பில் இல்லாததால், பொருந்தும் உதிரிப்பாகம் தேடுவதே தனி அலைச்சலாயிற்று.

ஆகவே இறுதிப் பல்வரிசை எப்போது, எந்தப் பொருளில் என்பதையும், ஆண்டுதோறும் பரிசோதனை உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஸ்டிக்கரைக் கையோடு வாங்குங்கள். புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் ஆகியோரிடம் ஆபத்தைத் தனியாக எடுத்துச் சொல்லாத மருத்துவரை நம்ப வேண்டாம்.

முறையிட்டபோது, அம்மா வாயைச் சுத்தமாக வைக்கவில்லை என்றார்கள்; பிரஷ் நுழைய இடைவெளியே விடாமல் ஈறோடு ஒட்டிப் பூட்டியவர்கள் சொன்ன பதில் இது. ‘ஆயுள் உத்தரவாதம்’ என்று கொடுத்த அட்டையின்படி புதிய இம்பிளாண்ட் மட்டும் இலவசமாம். அறுவைக்கும் பல்வரிசைக்கும் மறுபடி முழுக் கட்டணம்.