18 இன்ச் கிக்கோட ஆறு வருஷம்: வளவுல வாசிக்க நான் தேத்துன ட்ரம் செட்

காரைக்குடில "நான் ட்ரம்ஸ் வாசிக்கிறேன்"னு சொன்னா மறுகேள்வி "பேடா தம்பி?"ன்னு தான் வரும். தப்பு சொல்லல, இங்க லைட் மியூசிக்னாலே ரெண்டு கீபோர்டு, தபலா, டோலக், நடுவுல ஸ்டாண்ட்ல, தட்டுனா ட்ரம் சத்தம் குடுக்குற எலக்ட்ரானிக் ரோலண்ட் பேட் ஒன்னு, அவ்ளோதான் பழக்கம். 1985ல ரோலண்டோட மொத பேடு, ஆக்டபேட், வந்ததுக்கப்புறம் மெல்ல மெல்ல நெஜ ட்ரம்ஸ தூக்கிட்டு அலையுற வேலையே பல ட்ரூப்ல நின்னு போச்சு. நானும் பேட் வாசிக்கிறவன் தான். ஆனா நூறு நூத்தம்பது பேரு, நாலு வாசிக்கிறவங்க, ரெண்டு பாட்டுக்காரங்கன்னு நடக்குற சின்ன கச்சேரிக்கு நெஜ செட்டு வேணும்னு கேக்குறவுக இருக்காக, முக்கியமா சிங்கப்பூர் மலேசியால இருந்து வந்து சொந்த வீட்லயே மணிவிழா வைக்கிற குடும்பங்க, அப்புறம் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்ட ஹோட்டலாக்குனவுக. அதுக்குன்னே சேத்த செட்டு இது. ஆறு வருஷம் ஆச்சு, மாசம் மூணு நாலு வாசிப்பு, தை ஆவணில கூடுதலா இருக்கும், ஆடி மார்கழில பரண்ல தூங்கும். வாங்குன மாசமே எழுதிருந்தா எல்லாம் சூப்பருன்னு எழுதிருப்பேன், இப்ப எது ஒழைச்சுது எது காச முழுங்குச்சுன்னு தெரியும், அதான் இப்ப எழுதுறேன்.

இதுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தது 22 இன்ச் கிக் (காலால பெடல மிதிச்சு அடிக்கிற பெரிய ட்ரம்), 12, 13, 16 இன்ச் டாம் (குச்சியால அடிக்கிற ட்ரம்), எல்லாம் டபுள் கால் ஸ்டாண்டு, கலைஞ்சு போன ஒரு ஆர்கெஸ்ட்ராகிட்ட செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. கோயில் திருவிழா மேடைக்கு அது ராஜா. ஆனா செட்டிநாட்டு வீடு எப்படின்னு தெரியும்ல, இந்தத் தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்கட்டு கதவு, வண்டி முன்னாடி நிக்கும், கச்சேரி ரெண்டாங்கட்டுல இருக்கும், நடுவுல ஒவ்வொரு நிலைப்படியும் முழங்கால் ஒசரத்துக்கு. அந்த ஸ்டாண்டு பைய தூக்கிட்டு நாலு நடை நடந்தா வாசிக்கிறதுக்கு முன்னாடியே கை நடுங்கும். குட்டியானை வாடகை போக கைக்கு வர்றத பாத்தா சமையக்கட்டுல பந்தி பரிமாறுற பையன் என்னைவிட அதிகமா வாங்கிருப்பான்.

சரி சின்னதா போவோம்னு முடிவு பண்ணி நெட்ல தேட ஆரம்பிச்சா அது ஒரு தனி உலகம். லுட்விக் பிரேக்பீட்ஸ்னு ஒரு செட்டு, 16 கிக், 10 டாம், 13 ஃப்ளோர் (தரைல கால் ஊணி நிக்கிற டாம்), 14 ஸ்நேர் (அடில கம்பி கட்டுன ட்ரம்). பேர்ல் மிட்டவுன், அதுவும் 16, 10, 13, ஆனா ஸ்நேர் 13. டாமா கிளப் ஜாம், 18 கிக் ஆனா ஆழம் 12 இன்ச் தான், ஃப்ளோர் டாம் 14க்கு 7ன்னு தட்டு மாதிரி இருக்கும். பாக்க எல்லாமே ஆசையா இருக்கும். நான் 16 கிக்க வேணாம்னு தள்ளுனதுக்கு ஒரே காரணம், என் கச்சேரில பாதிக்கு கிக்குக்கு மைக் கெடைக்காது. மைக் இல்லாத 16 இன்ச் கிக், என் காதுக்கு, காலால அடிக்கிற டாம் தான். மைக்செட்டு நல்லா அமையுற ஊர்ல இருக்கவங்களுக்கு 16 போதும், சண்டைக்கு வராதீங்க. கடைசில 18 கிக், 12 டாம், 14 ஃப்ளோர், பிர்ச் மரத்துல ஷெல் (ட்ரம்மோட உடம்பு), ஜாஸ்காரங்க பாப் செட்டுன்னு சொல்ற அளவு, அதுல நின்னேன். 12 டாம 14க்குள்ள போட்டு, அத 18க்குள்ள எறக்கி ஒரே பொட்டலமா கொண்டு போலாம்னு சொல்லுவாங்க, செஞ்சும் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் தோல கழட்டி மாட்டி சுருதி சேக்கணும், மூணு கச்சேரிக்கு மேல பொறுமை இல்ல. இப்ப மூணும் தனித்தனி பை, ஆம்னி பின்சீட்ட மடக்குனா மொத்த செட்டும் அடங்குது, ரெண்டு நடைல உள்ள போயிரும்.

18 கிக்குல எல்லாரும் மொத மாசம் முழிக்கிற விஷயம் ஒன்னு இருக்கு. பெடல் சாதாரண ஒசரத்துல இருக்கும், ட்ரம் சின்னது, பெடலோட சுத்தி, அதான் பீட்டர், போயி நடுவுல அடிக்காம மேல்பக்கமா அடிக்கும், சத்தம் டப்பு டப்புன்னு அட்டைப்பெட்டி மாதிரி வரும். நான் தோல் சரியில்லன்னு ரெண்டு தோல் மாத்துனேன், காசு போனது தான் மிச்சம். ட்ரம்ம தரைல இருந்து ரெண்டு இன்ச்சு தூக்குனா தீந்துச்சு. அதுக்கு லிஃப்டர்னு தனியா விக்கிறாங்க, நான் முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைல ஒரு தேக்கு ரீப்பர் துண்டு வாங்கி ஆசாரிகிட்ட வளைவா செதுக்கி வாங்குனேன், ஏதோ ஒரு வீட்டு பர்மா தேக்கு இப்ப என் கிக்குக்கு முட்டு. ஆறு வருஷத்துல மொத்த செட்டுலயும் ஒரு கீறல் விழாத பொருள் அது ஒன்னு தான்.

கீறல்னு சொன்னதும் ஞாபகம் வருது, இத கண்டிப்பா சொல்லணும். பழைய செட்டோட கிக் காலு முனைல ஆணி மாதிரி கூரு இருக்கும், கார்ப்பெட்ல குத்தி நிக்கிறதுக்கு. ஒரு பெரிய வீட்டுல வெறும் தரைலயே வச்சு வாசிச்சிட்டேன், மூணாவது பாட்டுக்கு கிக் முன்னாடி ஊந்து போயிருச்சு, பாட்டு முடிஞ்சு பாத்தா ஆத்தங்குடி கல்லுல ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அந்தக் கல்லு கண்ணாடி மேல சாயக் கலவைய ஊத்தி சிமெண்ட போட்டு கையால செய்யறது, மேல இருக்க கலர் மெல்லிசு தான், கீறுனா கீறுனது தான். வீட்டு ஆச்சி வந்து பாத்தாக. திட்டல. "தம்பி, எங்க மாமியா காலத்துல இருந்து தேங்கா எண்ண போட்டு தொடைக்கிறோம்"னு மட்டும் சொன்னாக. திட்டிருக்கலாம். அன்னைல இருந்து செட்ட எறக்குறதுக்கு முன்னாடி மொத எறங்குறது அடில ரப்பர் உள்ள கார்ப்பெட்டு தான், ஆறுக்கு நாலு, கிக் காலுல ரப்பர் மூடி, கார்ப்பெட்டுல கிக் முன்னாடி ஒரு மரச்சட்டம் அடிச்சு வச்சிருக்கேன் ஊராம இருக்க. எண்ண போட்டு தொடச்ச தரைல வெறும் ஜமுக்காளம் விரிச்சா அது கிக்கோட சேந்து ஊர்வலம் போகும், நம்பாதீங்க.

அடுத்தது சத்தம். இதுக்காக தான் முழு செட்டுமே. வளவு, அதான் வீட்டு நடு முத்தம், மேல தெறந்தது தானே, சத்தம் வானத்துக்கு போயிரும்னு நெனச்சேன். போகல. சுத்தி நாலு பக்கமும் சுண்ணாம்பு பூசி கண்ணாடி மாதிரி இழைச்ச செவரு, கல்லுத் தரை, தூணு தான், துணின்னு ஒன்னு கெடையாது, ஸ்நேர்ல விளிம்போட சேத்து ஒரு ரிம் ஷாட் அடிச்சா எதிர் செவத்துல பட்டு திரும்பி வந்து உங்க அடுத்த அடியோட மோதும். அதுவும் மணிவிழா, சதாபிஷேகம்னா முன் வரிசைல உக்காந்திருக்கவுக எல்லாம் அறுவது எண்பதுன்னு வயசானவுக. ரெண்டு பேரு காத பொத்துனாகன்னா அடுத்த வருஷம் அந்தக் குடும்பத்துல உங்களுக்கு கச்சேரி கெடையாது.

நான் பல கூத்து பண்ணிப் பாத்து நின்ன எடம் இது தான். கிக்க வளவு மூலைல, செவத்துக்கு ஒரு முழம் தள்ளி வைப்பேன், மூலை கீழ் சத்தத்த தூக்கிக் குடுக்கும், 18 கிக்கு மைக் இல்லாம 20 மாதிரி கேக்கும். ஆனா மூலைல உக்காந்தா ஸ்நேரும் சிம்பலும் (உலோகத் தட்டு) அதே மாதிரி எரிச்சலா திரும்பி வரும், அதுக்கு வீட்டுல கேட்டு ரெண்டு ஜமுக்காளம் வாங்கி முதுகுக்குப் பின்னாடி தூணுக்கும் தூணுக்கும் கயிறு கட்டி தொங்க விட்ருவேன். மெல்லிசான துணி கீழ் சத்தத்த ஒன்னும் பண்ணாது, மேல் சத்தத்த மட்டும் கொஞ்சம் குடிச்சிரும், நமக்கு வேண்டியதும் அது தானே. செட்டிநாட்டு வீட்டுல எது இல்லாட்டியும் ஜமுக்காளம் அடுக்கு அடுக்கா இருக்கும், தைரியமா கேக்கலாம். குச்சிக்கு பதிலா மூங்கில் குச்சிக் கட்டு, அதான் ராட்ஸ், பாதி கச்சேரி அதுல தான். சத்தம் அடங்க ஸ்நேர் மேல பர்ஸ வச்சு வாசிக்கிறது ட்ரம்மர் எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை, என் பர்ஸ் எடைக்கு பெருசா வித்தியாசம் தெரியல, அது வேற கதை.

தோலு விஷயத்துல நான் போய்த் திரும்பி வந்தவன். சினிமா பாட்டு, குத்து பாட்டுன்னா தடிச்ச தோல் வேணும்னு டாமுக்கு பின்ஸ்ட்ரைப் போட்டேன், 7 மில் (மில்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) ஃபிலிம் ரெண்டு சேத்து ஒட்டுனது, ஓங்கி அடிச்சா நல்ல கொழுத்த சத்தம். ஆனா நம்ம ஓங்கி அடிக்கவே போறதில்லயே, மெதுவா அடிச்சா அது வாயே தெறக்காது. மறுபடி கோட்டட் அம்பாசடர், 10 மில் ஒத்தைத் தோல், விரல்ல தட்டுனாக்கூட பேசும். கிக்குக்கு அடிக்கிற பக்கம் பவர்ஸ்ட்ரோக் 3ன்னு ஒரு தோல், முன்பக்கம் ரெண்டு தோல் வச்சிருக்கேன், மைக் கெடைக்கிற எடத்துக்கு ஓட்டை போட்டது, கெடைக்காத எடத்துக்கு முழுசு. முழுசுல தான் வயித்துல இருந்து சத்தம் வருது, ஓட்டைய போட்டுட்டு அப்புறம் வருத்தப்பட்டு இன்னொன்னு வாங்குனேன். பறைக்காரங்க தீ மூட்டி தோலக் காய்ச்சுறத பாக்கும்போதெல்லாம் ரெமோ கம்பெனிக்கு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போடுவேன், 1957ல அவங்க பிளாஸ்டிக் தோல விக்க ஆரம்பிக்கலன்னா மழைக்காலத்துல நம்மளும் விறகு தூக்கிட்டு போயிருக்கணும். அதுக்குன்னு சித்திரை வெயில்ல மத்தியானம் ஆம்னிக்குள்ள பூட்டி வச்சிட்டு சாப்பிட போகாதீங்க, திரும்பி வந்தா ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு சுருதில இருக்கும், ஒட்டி வச்ச டேப்பு பசை வேற உருகி ஒழுகிருக்கும்.

சிம்பல பத்தி ஒரே ஒரு விஷயம், இது எனக்கு எந்த வீடியோவும் சொல்லிக் குடுக்கல, மேல சொன்ன அதே தெருவுல பாத்திரக் கடை தான் சொல்லிக் குடுத்துச்சு. ஒரு பழைய வெங்கல உருளிய சுண்டிப் பாருங்க, பக்கத்துல ஒரு பித்தளைக் கொடத்த சுண்டிப் பாருங்க. வெங்கலம் நீளமா இழுக்கும், பித்தளை ணங்குன்னு நின்னுரும். சிம்பலும் அதே தான். ஆரம்ப செட்டோட வர்ற சிம்பல் பெரும்பாலும் பித்தளை, செம்பும் துத்தநாகமும். அதுக்கு மேல பி8, செம்புல நூத்துக்கு 8 வெள்ளீயம், அதுக்கு மேல பி20, 20 வெள்ளீயம். பித்தளை சிம்பல மெதுவா அடிச்சா சத்தமே வராது, பலமா அடிச்சா வெங்கலக் கடைல யானை புகுந்த கதை, நடுவுல ஒன்னும் கெடையாது. நமக்கு வேண்டியது அந்த நடு தான். நான் ஷெல்லுக்கு குடுத்த காசுல பாதிக்கு மேல பி20ல ஒரு 14 ஹைஹேட்டுக்கும் (காலால மூடித் தெறக்குற ஜோடி சிம்பல்) 20 ரைடுக்கும் (தாளம் ஓட்டுற பெரிய சிம்பல்) குடுத்தேன், ரெண்டும் மெல்லிசு, ரெண்டும் செகண்ட் ஹேண்ட். க்ராஷ் (ஓங்கி ஒரு அடி அடிக்கிற சிம்பல்) ஒரு 16, அது பி8 தான், வருஷத்துக்கு பத்து தடவ அடிப்பேனா, போதும். ட்ரம் செட்டு எதுன்னு கேக்குறவங்களுக்கு என் பதில், சிம்பல மொதல்ல வாங்கு, ஷெல்லு எதுவா இருந்தாலும் தோல மாத்தி சுருதி சேத்து ஒப்பேத்திக்கலாம், கெட்ட சிம்பலுக்கு எந்த வைத்தியமும் கெடையாது.

ஸ்டாண்டு எல்லாம் ஒத்தக் கால் தட்டை பேஸ் வச்ச லேசான மாடல். கூட வாசிக்கிறவங்க "இது நிக்குமா மாப்ள"ன்னு சிரிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் ஒன்னும் சாயல, ராட்ஸ்ல வாசிக்கிறவனுக்கு எதுக்கு லாரி ஜாக்கி. பெடல் மட்டும் மலிவா வாங்கி பட்டேன், அடிப்பட்டை இல்லாத மாடல், வாசிக்க வாசிக்க முறுக்கிக்கும், ரெண்டாவது வருஷம் பாட்டு நடுவுல ஸ்ப்ரிங் தெறிச்சு கீபோர்டுகாரர் மடில போயி விழுந்துச்சு. இப்ப அடிப்பட்டையோட ஒரு சிங்கிள் செயின் பெடல். டபுள் பெடல் பத்தி கேக்காதீங்க, மணிவிழாவுல யாருக்கு வாசிக்கப் போறீங்க. பை ஓரத்துல ஒரு பழைய மருந்து டப்பா, அதுல ட்ரம் கீ ரெண்டு, ஸ்ப்ரிங் ஒன்னு, ஹைஹேட் கிளட்ச் ஒன்னு, சிம்பலுக்கு ஃபெல்ட்டு, பிளாஸ்டிக் குழாய். குழாய மறந்துட்டு மாட்டுனா சிம்பல் ஓட்டை கம்பில உரசி உரசி அங்கேர்ந்து விரிசல் விடும், என் மொத ரைடு அப்படித்தான் போச்சு.

உக்கார்ற ஸ்டூலுக்கு நல்ல காசு போடுங்க. பந்தல்காரர் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ரெண்டு வருஷம் வாசிச்சதுக்கு இடுப்பு இன்னும் பில்லு அனுப்பிட்டு இருக்கு.

பேட விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. ஹைஹேட்டுக்கு இடது பக்கம் ஒரு சின்ன சாம்பிள் பேட கிளாம்ப்ல மாட்டிருக்கேன், பழைய பாட்டுல வர்ற டோலக், கைத்தட்டு, சலங்கைக்கு. டோலக் வாசிக்கிற அண்ணன் வந்தா அது ஆஃப். ஒரு தடவ ரெண்டாவது பாட்டுல கரண்டு போயி ஜெனரேட்டர் போட ஆள் தேடிட்டு இருந்தாங்க, கீபோர்டு, பேடு எல்லாம் செத்துப் போச்சு, நானும் ராட்ஸ வச்சு சும்மா ஓட்டிட்டு இருந்தேன், காலைல வாசிச்ச தவில்காரர் சாப்பிட்டுட்டு வெத்தலையோட வந்து பக்கத்துல உக்காந்து தொடைல தாளம் போட்டாரு. கரண்டு வந்ததும் "தம்பி, கிக்க கொஞ்சம் எறக்கி வை, பாட்டுக்குள்ள புகுந்து உக்காருது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாரு. அதுக்கப்புறம் தான் கிக்குக்குள்ள ஒரு துண்ட மடிச்சு அடிக்கிற தோல லேசா தொடுற மாதிரி வைக்கிறேன், இன்னும் எடுக்கல.

ஆறு வருஷத்துல சரியில்லாமப் போனதுன்னா ஃப்ளோர் டாம் கால் ரப்பர் மூணு, ஸ்நேர் கம்பி ரெண்டு செட்டு, பை ஜிப்பு எல்லாமே. ஜிப்பு வாங்குன ரெண்டாவது வருஷமே பல்லக் காட்டிருச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் சீட்டு கவர் தைக்கிறவருகிட்ட குடுத்து ரெக்ஸின்ல வாரு வச்சு தச்சு வாங்குனேன், கம்பெனி பைய விட அது தான் தாங்குது. ஹைஹேட் பைக்கு மட்டும் இன்னும் தைக்கல, தை மாசத்துக்குள்ள குடுக்கணும்.